முறையை முடி

குவோபியோவில் ஜனவரி. மூன்றரைக்கே இருட்டு.
ஒரே அறை. முதுகோடு முதுகாக இரண்டு மேசை.
என் திரையில் அறுகோணக் கட்டங்கள்.
அவன் திரையில்
கல்லெறிந்த தேன்கூடு.

இல்போவுக்கு வனத்துறையில் வேலை.
ஒரு பைன் வெட்டுக்கு வர எண்பது ஆண்டு.
அவன் நட்டதை அவன் வெட்டப்போவதில்லை.
அந்தக் கைதான் வீட்டுக்கு வந்ததும்
நிமிடத்துக்கு இருநூறு முறை சொடுக்குகிறது.

நான் அவசர அழைப்பு மையத்தில்.
ஹெட்செட்டைக் கழற்றியதும் எனக்கு வேண்டியதெல்லாம்
நான் சொல்லும்வரை நகராத ஓர் உலகம்.
ஓங்கிய ஈட்டியை ஓங்கியபடியே பிடித்துக்கொண்டு
நான் காப்பி போட்டு வரும்வரை நிற்கிறான் எதிரி.
இந்த மரியாதை
மாடிவீட்டு நாய்க்குக்கூடத் தெரியாது.

"என் ஆட்டம் அன்று கொல்லும்,
உன்னுடையது நின்று கொல்லும்" என்பான் இல்போ.
பதறாத காரியம் சிதறாது என்பேன்.
"பதறாதவனின் கோட்டை
ஆறாவது நிமிடத்தில் சிதறும்" என்பான்.

ஒருநாள் அவன் பின்னால் நின்று எண்ணினேன்.
பாதிச் சொடுக்குகள் வெறுந்தரையில்.
அங்கே படையும் இல்லை, பகையும் இல்லை.
எதற்கு என்றேன்.
விரல் ஆறிப்போகாமல் இருக்க, என்றான்.
வேகம் என்று நான் மிரண்டதெல்லாம்
பாதி வெறும் கணப்பு.

என்னுடையதும் சுத்தமில்லை.
ஒரே ஒரு படகை அனுப்பலாமா என்று
நாற்பது நிமிடம் யோசிப்பேன்.
அனுப்புவேன், மூழ்கும்.
பிறகு ஓசைப்படாமல் பழைய சேமிப்பைத் திறந்து
மூழ்காத படகோடு மறுபடி தொடங்குவேன்.
அவனுக்குத் தெரியும்.
ஏமாற்று, என்று ஒருமுறை சொன்னான்.
அன்று லப்பின்லஹ்தி சாலையில் இருந்து வந்த அழைப்பை
நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.
ஹெட்செட்டுக்குள் பழைய சேமிப்பு கிடையாது.
சொன்னபிறகு
அந்தச் சொல்லை அவன் எடுப்பதில்லை.

புதன்கிழமை பனிப்பாரத்தில் எங்கோ கம்பி அறுந்து
கட்டடமே அணைந்தது.
என் ஆட்டம் போன முறையின் முடிவில் பத்திரமாக நிற்கும்.
அவனோ எழுந்து இருட்டில் நின்றான்,
விரல்கள் இன்னும் அசைந்துகொண்டு.
"அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கும்" என்றான்.
எந்த ஊரிலோ எவனோ
ஆளில்லாத அவன் படையை
அவசரமே இல்லாமல் முடித்துக்கொண்டிருப்பான்.

மெழுகுவத்தி எந்த இழுப்பறையில் என்று இருவருக்கும் தெரியவில்லை.
தரையில் உட்கார்ந்தோம்.
சும்மா இருக்க முடியாமல் அவன் பேசினான்.
காட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லையாம்.
பைன், பிர்ச், பட்டைக்கடியில் வண்டு,
எல்லாம் ஒரே நேரத்தில் நகர்கின்றனவாம்.
"நமக்குத்தான் அது நிற்பதுபோல் தெரிகிறது."

எனக்கு என் மையம் நினைவுக்கு வந்தது.
மூச்சு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு
நான் வாய்மூடி இருக்கும் நான்கு விநாடி.
சுவரெல்லாம் கடிகாரம்.
சைரன் ஏற்கெனவே தெருவில்.
ஆனாலும் அந்த நான்கு விநாடி
மறுமுனையில் இருப்பவரின் முறை.
அதை அவருக்காக நான் ஆட முடியாது.
அவசரப்பட்டு மறுபடி கேட்டால்
மூச்சைக் கேட்கவேண்டிய காது என்னைக் கேட்கும்.

அப்படியானால் நாங்கள் இருவரும்
பகல் முழுக்க ஆடியதையே
இரவிலும் ஆடிக்கொண்டிருந்தோமா?
தெரியவில்லை. குளிர்ந்தது.
ஒரு கம்பளிக்குள் நகர்ந்துகொண்டோம்.

ஊலுவில் எனக்கு ஒரு வேலை வந்திருக்கிறது,
பதவி உயர்வோடு.
வெள்ளிக்குள் பதில் சொல்லவேண்டும்.
இரண்டு வாரம் முன்பே அவனிடம் கேட்டாயிற்று.
"உன் முறை" என்றேன் இருட்டைப் பார்த்து.
"தெரியும்."

ஃபிரிட்ஜின் முனகல்கூட இல்லாத வீடு இவ்வளவு பெரிதா.

"ஊலுவில் பைன் இன்னும் மெதுவாக வளரும்" என்றான்.
"நூறு ஆண்டு. நூற்றிருபது."

அது ஆமாவா இல்லையா என்று நான் கேட்கவில்லை.
நான்கு விநாடி காத்திருந்தேன்.
ஐந்து.